ஃபெர்ரி ஏறிப் போன வயிற்று வலி

நம் வயதில் நாலு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் வயிற்றில்தான் வந்து நிற்கிறது. போன வாரக் கல்யாண வீட்டிலும் அதுதான் நடந்தது. பிரியாணி வருவதற்குள் அவரவர் கைப்பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து மேசையில் வைத்துவிட்டீர்கள். சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா என்று ஒரு பெரிய வழக்கே நடந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி, "எனக்கு காஸ்ட்ரிக்லா, காரம் கொஞ்சமா வை" என்று பரிமாறுகிறவனிடம் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கு உங்கள் மேல் பொறாமையாக இருந்தது. எங்கள் வீட்டில் அந்த நோயின் பெயரை ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொல்வோம்.

உங்களில் பாதிப் பேர் எங்கள் கடைச் சோற்றைத் தின்று வளர்ந்தவர்கள். அதனால் இதை உங்களிடம் சொல்வதுதான் நியாயம்.

பசாருக்குப் பின்னால் சந்து முனையில் இருந்த எங்கள் நாசி கண்டார் கடை, அந்தச் சோறும் விதவிதமான கறிகளும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்போது அந்த இடத்தில் கேக்கும் ஐஸ் கோப்பியும் விற்கிறார்கள். வெளிச்சுவரில் ஒரு பூனையை வரைந்து வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பூனை இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என்னைப் பெற்ற அத்தாவின் அடுப்புகள் இருந்தன. அத்தாவும் அவருடைய அண்ணனும், அதாவது என் பெரியத்தாவும், சேர்ந்து நடத்திய கடை. பெரியத்தாவிடம் கல்லா, அத்தாவிடம் அடுப்பு.

காலையில் பள்ளிக்கூடம் போகும் வழியில் நான் கடைக்குள் நுழைவேன். அத்தா ஒவ்வொரு சட்டியாகச் சுற்றி வருவார். அகப்பையிலிருந்து கொஞ்சம் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார். சமையல் ஆட்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "புளி தூக்குது, தேங்காப்பால் ஊத்து" என்பார். "இதுக்கு உப்பு பத்தல" என்பார். சில நாள் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவார். அப்போது எல்லார் முகத்திலும் ஒரு சந்தோஷம் வரும். வெறும் வயிற்றில், அந்த நெருப்புக் குழம்புகள் அத்தனையும்.

"எங்க கடைக்கு முதலே தம்பி நாக்குதான்" என்று பெரியத்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடிப்பார். அந்த நாக்குக்குக் கீழே ஒரு வயிறும் இருந்தது. அதைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

எனக்குப் பத்து வயதிருக்கும். அந்த மழைக் காலத்தில் அத்தா வீட்டுக்கு வந்தால் தலையணையை வயிற்றுக்குக் கொடுத்துக் குப்புறப் படுக்க ஆரம்பித்தார். நடு முதுகு வரை குத்துகிறது என்பார். அம்மா ஒரு பிஸ்கட்டும் சூடான பாலும் கொடுத்தால் கொஞ்சம் அடங்கும். பிறகு மறுபடியும் வரும். சட்டை தொளதொளவென்று ஆனது. கைலியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டார்.

பெரியத்தா ஒருநாள் வீட்டுக்கு வந்தார். எங்கள் குடும்பத்தில் தம்பி மனைவி கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவதில்லை. அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, என்னிடம் பேசுவதுபோல அவருக்குப் பேசுவாள்.

"பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா என்னான்னு உங்க பெரியத்தாகிட்ட கேளும்மா."

பெரியத்தாவும் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "சாப்பாட்டுக் கடைக்காரனுக்கே வயித்துப் புண்ணுன்னா எவன் வந்து சாப்புடுவான்? அந்த ஆஸ்பத்திரியில வேலை செய்யிறவன் எல்லாம் நம்ம கடையிலதான் சாப்புடுறான். இவன் அங்க போயிப் படுத்தா சாயந்திரத்துக்குள்ள பசார் பூரா தெரிஞ்சுடும். எதிர்க் கடைக்காரன் ஒருத்தன் போதும்லா, அவன் கறியே அவன் வயித்த அறுத்துடுச்சுன்னு தமுக்கு அடிப்பான்."

அம்மா அத்தாவைப் பார்த்தாள். அத்தா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அண்ணே சொல்றதும் சரிதான்" என்றார். பெரியத்தா மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்றால் இந்த ஒரு வாக்கியம் விடுவதில்லை.

ஆக, எங்கள் ஊரில் அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, காடியில், அதாவது காரில், ஏறினால் பத்து நிமிஷத்தில் போய்விடலாம். நாங்கள் ஃபெர்ரி ஏறி, எங்கள் தீவை விட்டு அக்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு மருந்து வாங்கப் போனோம். நம்மை யாருக்கும் தெரியாத ஊர் என்பதுதான் அந்த ஊருக்கு இருந்த ஒரே தகுதி.

அத்தா தனியாகப் போனால் எதற்கு என்று கேட்பார்கள் என்று என்னைக் கூட்டிப் போவார். "பிள்ள கப்பல் பாக்கணும்னு அழுவுது" என்று கடையில் சொல்லிவிட்டு வருவார். நான் அழவே இல்லை. ஆனாலும் அந்தப் பயணங்கள் எனக்குப் பிடித்திருந்தன, அதை ஏன் மறைக்க வேண்டும். கீழ்த்தட்டில் காடிகளின் எண்ணெய்ப் புகை. மேல்தட்டில் மர பெஞ்சு, உப்புக் காற்று. எட்டிப் பார்த்தால் தண்ணீரில் சொறி மீன்கள் குடை குடையாக மிதக்கும். படகு கரையை விட்டதும் அத்தா வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொள்வார். கண்ணை மூடி மூச்சு விடுவார். சில சமயம் "யா அல்லாஹ்" என்று மெதுவாக முனகுவார். கடையிலும் பள்ளிவாசலிலும் அவர் நிமிர்ந்து நிற்க வேண்டும். வீட்டிலும் அண்டை வீட்டுக்குக் கேட்காமல் வலிக்க வேண்டும். இரண்டு கரைக்கும் நடுவில்தான் அவரால் நோயாளியாக இருக்க முடிந்தது. அக்கரை நெருங்கும்போது கையை எடுத்துவிடுவார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு சீன டாக்டர். மூக்கில் இறங்கிய கண்ணாடி, கொஞ்சம் மலாய் பேசுவார். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொல்வார்: பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, வயிற்றைப் படம் எடுத்துப் பார், என் மருந்து வலியை மட்டும்தான் அடக்கும். அத்தா மரியாதையாக "பாய்க் டாக்டர், பாய்க்", சரி சரி என்று தலையை ஆட்டுவார். படி இறங்கும்போதே அது மறந்துவிடும்.

கொடுத்த மருந்து வெள்ளையாக, சுண்ணாம்பைக் கரைத்தது மாதிரி, புதினா வாசனையோடு இருக்கும். அதைச் சீட்டு ஒட்டிய போத்தலோடு வீட்டில் வைக்கக் கூடாது என்று பெரியத்தாவின் உத்தரவு. அம்மா எலுமிச்சை சர்பத் தீர்ந்த பச்சைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, சமையலறை அலமாரியில் சர்பத் போத்தல்களோடு நிறுத்திவைத்தாள். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வெயிலில் வந்த பெரியத்தா, யாரையும் கேட்காமல் தானே எடுத்துத் தண்ணீர் கலந்து ஒரே மடக்காகக் குடித்துவிட்டார். அவர் முகம் போன போக்கையும், வெள்ளை மீசையையும் பார்த்து அத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, இனிமே உங்களுக்கு ஒரு வருஷத்துக்குப் புண்ணு வராது" என்றார். அந்தக் காலத்தில் அத்தா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்தப் போத்தல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வீடு மாறும்போது தேடினேன், கிடைக்கவில்லை.

வீட்டில் மிளகாய் நின்றது. குழைந்த சோறு, அவித்த பூசணிக்காய், பால், வாழைப்பழம். அத்தா மட்டும் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டால் மனம் கஷ்டப்படும் என்று அம்மாவும் நானும் அதையே தின்றோம். ஊருக்கே காரக் கறி போட்ட வீட்டில் ஊறுகாய்கூட இல்லை. ஆனால் காலையில் கடைக்குப் போனதும் அத்தனை சட்டியையும் ருசி பார்க்கத்தான் செய்தார். நாக்கில் வைத்துத் துப்பிவிடச் சொல்லி அம்மா கெஞ்சினாள். "ஆளுங்க முன்னால துப்புனா என்னா நெனப்பாங்க, கறி நல்லா இல்லன்னு நெனச்சுக்குவாங்க" என்றார்.

வலி குறையாததற்குப் பெரியத்தா ஒரு காரணம் கண்டுபிடித்தார். "வீட்டுல நிம்மதி இருந்தா ஆம்பளைக்கு வயிறு ஏன் புண்ணாவுது?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகு அம்மா பேச்சைக் குறைத்தாள். ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை எடுத்தால் சண்டைக்காரி என்று பெயர் வரும். எடுக்காவிட்டால் புருஷன் படுத்துக் கிடப்பான். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு எந்த ஃபெர்ரியும் ஓடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கும் அதே இடத்தில் வலி வந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். என் பேத்தி வயது டாக்டர், "வயித்துல ஒரு கிருமிதான் ஆன்ட்டி, ரெண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டா சரியாயிரும்" என்றாள். காரம் சாப்பிட்டதாலா என்று கேட்டேன். காரம் வலியைக் கூட்டலாம், புண்ணை அது உண்டாக்குவதில்லை என்றாள். மனக் கஷ்டமா என்றேன். அதையும் அப்படித்தான் சொன்னாள். நான் அந்தப் பெண் முன்னால் அழுதுவிட்டேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தக் காலத்தில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது. அதற்காக நான் யாரையும் ஏசமாட்டேன். ஏசுவதற்கு வேறு இருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த ஓர் அக்கா தினமும் மத்தியானம் கடைக்கு வந்து சோற்றுப் பொட்டலம் வாங்குவார். பெரிய பொட்டு, கணீரென்ற குரல். ஒருநாள் நான் அங்கே இருக்கும்போது அத்தாவை உற்றுப் பார்த்துவிட்டு, "என்னாண்ணே, ஆளு பாதியாப் போயிட்டீங்க. ஒரு தடவ எங்க பக்கம் வந்து காட்டுங்களேன், நான் நம்பர் போட்டு வைக்கிறேன்" என்றார். அத்தா, "அடுப்புச் சூடுதாம்மா" என்று சிரித்தார். கல்லாவிலிருந்து பெரியத்தா பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளிலிருந்து அந்த அக்கா வந்தால் அத்தாவைப் பின்கட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுப் பெரியத்தாவே எழுந்து வந்து பொட்டலம் கட்டினார், கறியும் தாராளமாக வைத்தார்.

அதோடு நோன்பு மாதம் வந்தது. நோயாளி நோன்பு வைக்க வேண்டியதில்லை, மார்க்கம் விலக்குக் கொடுத்திருக்கிறது. பெரியத்தா கொடுக்கவில்லை. "நோன்ப விட்டா ஏன்னு கேப்பாங்க" என்றார். அத்தாவும் வைத்தார். பகலெல்லாம் வெறும் வயிறு. மாலையில் கடையில் எல்லாரோடும் சேர்ந்து நோன்பு திறக்க வேண்டும். எங்கள் ஆட்கள் ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள், உங்களுக்குத் தெரியும். அதில் ஒருவர் மட்டும் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டால் பளிச்சென்று தெரியும். அத்தாவும் தாம்பாளத்தில் கை வைத்தார். எங்கள் கடையில் பேர்போனது சோத்தோங் கறி, கணவாயை அதன் மையோடு சேர்த்து வதக்கிக் கருகருவென்று இருக்கும். அதையும் தின்றார்.

கடைசி வாரத்தில் அத்தா அம்மாவிடம், வெளிக்குப் போனால் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்றார். அம்மா பயந்து என் வழியாகப் பெரியத்தாவிடம் சொல்ல வைத்தாள். பெரியத்தா சிரித்தே விட்டார். "சோத்தோங் மைம்மா அது. தின்னது வெளிய வருது." எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. ஒரு சாப்பாட்டுக் கடைக் குடும்பம் எல்லாவற்றுக்கும் காரணத்தைச் சட்டியில்தானே தேடும். உள்ளே ரத்தம் கசிந்தால் இப்படித்தான் போகும் என்று அந்த ஆயா அக்காவிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்.

இரண்டு நாள் கழித்து, சாயந்திரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, அத்தா பாதி வேலையில் வீட்டுக்கு வந்தார். முகம் வெளுத்து நெற்றியெல்லாம் வியர்வை. குளியலறைக்குப் போகும் வழியிலேயே வாந்தி எடுத்தார். முதலில் கோப்பித் தூள் மாதிரி, பிறகு சிவப்பாக. இரும்பு வாடை வீடு பூராவும் பரவியது. நான் ஓடிப்போய்ப் பெரியத்தாவைக் கூட்டி வந்தேன். அவர் காடியைச் சந்தில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து பார்த்ததும் தோள் துண்டை எடுத்துத் தம்பி வாயைத் துடைத்துவிட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

"பட்டர்வொர்த் டாக்டர்கிட்ட போயிருவோம்" என்றார்.

அன்றைக்குத்தான் அம்மா கதவைத் தாண்டி வெளியே வந்தாள். முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. பெரியத்தாவின் முகத்தைப் பார்த்து, "ஆஸ்பத்திரி இங்க பக்கத்துல இருக்கு. அங்கதான் போவணும்" என்றாள்.

பெரியத்தா தம்பியைப் பார்த்தார். அத்தா சுவரில் சாய்ந்தபடி, "இப்பப் போனா நோன்பு தொறக்குற நேரத்துக்குக் கடை வாசல்ல எல்லாருக்கும் தெரிஞ்சுடும். அந்தக் கரைக்கே போவோம்" என்றார். ரத்தம் வாந்தி எடுத்த மனிதர், கடைக்காக. எனக்கு இப்போதும் அவர் மேல் கோபம் வருகிறது. செத்துப் போனவர் மேல் கோபப்படுவது எவ்வளவு வீண் வேலை என்று உங்களுக்கும் தெரியும்.

என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டார்கள். பெருநாள் நெருக்கம், ஃபெர்ரிக்கு அவ்வளவு காடிகள் வரிசை நின்றன. பின்னால் அம்மா மடியில் அத்தாவின் தலை. அக்கரை சேர்ந்து, மாடி ஏற்ற முடியாமல், டாக்டரைக் காடிக்கே கூட்டி வந்தோம். அவர் அத்தாவின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். இங்கே ஏன் கொண்டு வந்தீர்கள் என்று மலாயில் கத்தினார். ரத்தம் ஏற்ற வேண்டும், வயிற்றைத் திறக்க வேண்டும், நான் என்ன செய்ய முடியும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். ஓர் ஊசி போட்டார். காசு வாங்கவில்லை.

பெரியத்தா காடியைத் திருப்பினார். மறுபடியும் வரிசை, மறுபடியும் ஃபெர்ரி. எங்கள் தீவு எதிரே நன்றாகத் தெரிந்தது. நடுக் கடலில் அத்தா கண்ணைத் திறந்து, "பாங்கு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். நோன்பு திறக்க இன்னும் நேரம் இருந்தது. வெயில்கூட மறையவில்லை.

"சொல்லிட்டாங்க" என்றாள் அம்மா. முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டில் பிழிந்தாள். அத்தா பிஸ்மி சொல்லி அதைக் குடித்தார். உண்மையான பாங்கு தண்ணீர் தாண்டிக் கேட்டபோது அவர் இல்லை.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் பெரியத்தா "மாரடைப்பு" என்றார். கண்ணீர் வழிய வழியத்தான் சொன்னார், ஆனால் தவறாமல் சொன்னார். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் கேட்டுப் பாருங்கள், மாரடைப்பு என்பார்கள். பெரியத்தா தொண்ணூறு தாண்டி வாழ்ந்தார். கடைசி வரை காரம் தின்றார். வயிற்றில் ஒரு குறையும் இல்லை.

பெருநாள் கழிந்ததும் கடை திறந்தது. சட்டிகளை வேறொருவர் ருசி பார்த்தார். எங்களுக்கு அடுக்குச் சட்டியில் சோறு வந்தது, வேறு வருமானம் இல்லை, தின்றோம். கறி முன்பு மாதிரியே இருந்தது. ஒரு வித்தியாசமும் இல்லை. அம்மாவும் அதைக் கவனித்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா இத்தாவில், புருஷன் இறந்த பெண் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் அந்த நாட்களில், இருந்தபோது அந்த ஆயா அக்கா பார்க்க வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டு வந்திருந்தார். தரையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஹார்ட்டுன்னு சொல்றாங்க" என்றார். "ஆனா எனக்குத் தெரியும்க்கா. எங்க ஆளுங்க எல்லாருக்கும் மொதல்ல இருந்தே தெரியும். அந்த மாதிரி மொகத்த நாங்க வார்டுல தெனம் பாக்குறோம்லா."

"தெரிஞ்சுமா கடைக்கு வந்து வாங்கிட்டுப் போனீங்க?"

"ஏன் வராம? அண்ணே வயித்துல புண்ணுன்னா கறி கெட்டுப் போயிடுமா?"

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அன்னிக்குச் சாயந்திரம் ஆஸ்பத்திரியில கட்டில் இருந்துச்சா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குக்கா."

"இருந்துச்சா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"இருந்துச்சுக்கா. அன்னிக்கு எனக்கு அந்த வார்டுலதான் வேலை. ஜன்னல் ஓரத்துல காலியாத்தான் கெடந்துச்சு."

"விரிப்பு மாத்தியிருந்துச்சா?"

"காலையிலயே மாத்திட்டேன்க்கா."